புயல் இரவும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளும்: கஜாவைக் கண்ட பகுதியிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

2018 நவம்பர் 15 நள்ளிரவைத் தாண்டி, 16ஆம் தேதியின் முதல் சில மணி நேரத்தில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வீடுகளும் படகுகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களும் பல லட்சம் தென்னை மரங்களும் அந்த ஒரே இரவில் சாய்ந்தன. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊரில் அந்த இரவைக் கழித்தவன் நான். அதன் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊர் இளைஞர்களும் வெளியூரில் வாழும் உறவினர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள். அவற்றுக்கு இதுவரை வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் கடலிலிருந்து வெகு தொலைவு உள்ளே இருக்கிறோம். புயல் எச்சரிக்கை எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். கஜாவில் பேரிழப்பைச் சந்தித்தவர்களில் பலர் கடலலையைத் தங்கள் வாசலில் ஒருபோதும் கண்டிராதவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களில் தென்னையோடு பலாவும் வாழையும் மலர்த் தோட்டங்களும் அழிந்தன. புயல் அங்கும் நிற்காமல் திண்டுக்கல், கொடைக்கானல் மலைப்பகுதி வழியாகச் சென்று அரபிக்கடலில் இறங்கியது. கடற்கரை ஊர்களுக்கு 1952, 1977 புயல்களின் நினைவு வழிவழியாக வந்திருந்ததால் ஓரளவு அச்சம் இருந்தது. உள்நாட்டு ஊர்களுக்கு அந்த அச்சம் இல்லை, ஆகவே ஆயத்தமும் இல்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு சுவரையோ மரத்தையோ தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அறுபது கிலோமீட்டர் வேகக் காற்றில் ஆடாத கூரை நூற்றிருபதில் தாங்கும் என்று எண்ணுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

வானிலை அறிக்கையில் வரும் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தைக் கொண்டு பெயரிடுகிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், 118 முதல் 166 வரை மிகத் தீவிரப் புயல். அதற்கு மேலும் இரண்டு படிகள் உள்ளன. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளில் ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிப்பவை. பதினொன்று, தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

இந்தப் பெயர்களைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கரை கடக்கும் இடமாக அறிவிக்கப்படுவது ஒரு புள்ளி அன்று, அது ஒரு நீண்ட கரைப்பகுதி. கஜா கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. அந்தத் தொலைவுக்குள் இருக்கும் ஒவ்வோர் ஊரும் தன் மேல்தான் புயல் வருகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எதிர்பார்த்த நேரத்தில் வராவிட்டால் அது வலுவிழந்துவிட்டது என்றும் கொள்ளக்கூடாது. கஜா 15ஆம் தேதி மாலை வரும் என்று காத்திருந்து, இருட்டியும் வராததால் முகாமிலிருந்து வீடு திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

வீட்டிலேயே இருக்கலாமா, முகாமுக்குப் போக வேண்டுமா?

கீற்று வீடு, ஓட்டு வீடு, தகரமோ சிமெண்ட் ஷீட்டோ வேய்ந்த வீடு ஆகியவற்றில் இருப்பவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். கான்கிரீட் வீட்டில் இருந்தாலும் கடலிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் எட்டும் தொலைவில் தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் போக வேண்டும், ஏனெனில் அங்கே ஆளைக் கொல்வது காற்றைக் காட்டிலும் கடல்நீரே. கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரையிலான கரை தெற்கு நோக்கியது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கு நோக்கி நகரும் புயலின் மையம் கடந்த பிறகு தெற்கிலிருந்து வீசும் காற்று, பாக் நீரிணையின் நீரை நேராக அந்தக் கரைமேல் ஏற்றுகிறது. கஜாவின்போது வேதாரண்யம் பகுதியில் கடல் உள்ளே புகுந்து திரும்பியபோது கரை நெடுகச் சேற்றை விட்டுச் சென்றது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்ததும் புயல் ஏற்றிவிட்ட கடல்நீரால்தான்.

கஜாவுக்கு முன்னதாகவே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். அவ்வளவு பெரிய அழிவில் உயிரிழப்பு முந்தைய நூற்றாண்டுப் புயல்களைப் போல நூற்றுக்கணக்கில் போகாததற்கு முதன்மையான காரணம் இது என்றே நான் கருதுகிறேன்.

வீட்டை விட்டு வர மறுக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று கவலைகள் இருக்கும்: ஆடுமாடு, நகை அல்லது பத்திரம், கழிப்பறை. முதல் இரண்டுக்கும் வழி செய்துவிட்டு, முகாமாகும் பள்ளியில் அவர்கள் உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்பதை ஊர் இளைஞர்கள் பகலிலேயே பார்த்து வந்து சொன்னால், எண்பது வயதுப் பாட்டியும் கிளம்பிவிடுவார். நாள் நெருங்கிய கர்ப்பிணிகளைக் காற்று தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். மரம் விழுந்த சாலையில் 108 வண்டியும் வர முடியாது.

கடைசி இருபத்து நான்கு மணி நேரத்தில் எவற்றை முதலில் செய்வது?

தண்ணீரைப் பிடித்து வையுங்கள். குடம், அண்டா, மேல்தொட்டி எல்லாவற்றையும் நிரப்புங்கள், ஏனெனில் மின்சாரம் நின்ற கணத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு வெறும் குழாய்தான். நான்கைந்து நாட்களுக்கு அடுப்பின்றியும் உண்ணக்கூடிய பொருள், வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள் ஒரு மாத அளவு, கையில் ரொக்கப் பணம் ஆகியவை வேண்டும். ஏடிஎம் இயந்திரங்கள் பல நாட்கள் இயங்காது. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை நெகிழி உறையில் சுற்றி ஒரு பித்தளைக் குடத்திலோ மூடியுள்ள வாளியிலோ வையுங்கள். எங்கள் வீட்டில் பரணில் கிடந்த அரிக்கேன் விளக்குதான் அடுத்த பல வாரங்களுக்கு வெளிச்சம் தந்தது. ஆங்கிலத்தில் புயலைக் குறிக்கும் அந்தச் சொல் தமிழுக்குள் ஒரு விளக்கின் பெயராகத்தான் வந்து சேர்ந்தது என்பது அந்த இரவுகளில் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

மொட்டை மாடியிலும் வாசலிலும் கிடக்கும் தகரம், பலகை, ஓடு ஆகியவற்றை உள்ளே எடுத்து வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தகரம் பறந்து போய் வெட்டுவது அடுத்த வீட்டுக்காரரை.

ஆடுமாடுகளை என்ன செய்வது?

கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கொட்டகைக்குள் கட்டிப் போட்ட மாடுகள் கொட்டகை சரிந்து இறந்தன. அவிழ்த்துவிடப்பட்டவற்றில் பல மேட்டு நிலத்தைத் தேடிப் பிழைத்துக்கொண்டன. கோடியக்கரைச் சரணாலயத்தில் சுதந்திரமாகத் திரிந்த வெளிமான்களும் குதிரைகளும்கூட மடிந்தன என்பதால் அவிழ்த்துவிடுவது முழுக் காப்பு அன்று, ஆனாலும் கயிற்றில் கட்டப்பட்ட உயிருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தென்னந்தோப்பைக் காப்பாற்ற முடியுமா?

முழுமையாக முடியாது. பாரத்தைக் குறைக்கலாம். எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கிவிட்டு, அடியில் தொங்கும் பழுத்த மட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும், காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். இதற்கு மரமேறிகள் வேண்டும். எல்லாத் தோப்புக்காரர்களும் ஒரே நாளில் அழைப்பார்கள் என்பதால் ஐப்பசி தொடக்கத்திலேயே ஒரு சுற்று இறக்கிவிடுவது நல்லது. காற்று வலுத்த பிறகு யாரையும் மரமேறச் சொல்லாதீர்கள்.

காற்று திடீரென்று நின்றுவிட்டது. வெளியே போகலாமா?

போகக் கூடாது. புயலின் மையம் உங்கள் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கி, சில வேளைகளில் வானமும் தெளிந்து, எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். நம் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கி நகர்வதால் முதல் பாதியில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும், மையம் கடந்தபின் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்த மரத்தை எதிர்க்காற்று மறுபக்கம் இழுத்து முறிக்கிறது. பாதி பெயர்ந்த கூரையும் அப்போதுதான் முழுமையாகப் போகிறது. விழுந்த மாட்டுக் கொட்டகையைப் பார்க்கவோ, பறந்த தார்ப்பாயைப் பிடிக்கவோ வெளியே ஓடுபவர்கள் அந்த இரண்டாம் காற்றில் சிக்கிக்கொள்கிறார்கள். எதிர்த்திசைக் காற்றும் வீசி ஓய்ந்து, விடிந்த பிறகு கதவைத் திறங்கள்.

உள்ளே இருக்கும்போது வீட்டின் நடு அறையில், கண்ணாடி சன்னல்களுக்கு எட்டாமல், கனமான கட்டிலுக்கோ மேசைக்கோ அருகில் இருங்கள். ஓடு பெயரத் தொடங்கினால் அந்தக் கட்டிலின் அல்லது மேசையின் அடியில் நுழையலாம். கதவு தள்ளப்படும்போது முதுகைக் கொடுத்துத் தாங்கி நிற்பதைவிட, நெல் மூட்டைகளையும் பீரோவையும் நகர்த்தி அண்டை கொடுப்பது மேல்.

விடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

கீழே கிடக்கும் எந்த மின்கம்பியையும் உயிருள்ளதாகவே கருதுங்கள். குளத்திலோ வயலிலோ விழுந்த கம்பி அந்த நீரையே ஆபத்தானதாக்கிவிடும். பிறகு, தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று பெயர் சொல்லி அழைத்து, பதில் குரல் கேட்கும்வரை அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். கைபேசி கோபுரங்கள் விழுந்துவிட்ட காலையில் இதைவிட உறுதியான வழி வேறில்லை.

கூரை மேல் விழுந்து கிடக்கும் தென்னையை அனுபவமில்லாதவர்கள் அறுக்க வேண்டாம். வளைந்து அழுத்தத்தில் நிற்கும் மரம் வாள் பட்டதும் எகிறும். புயலில் பிழைத்தவர்கள் மறுவாரம் ஓடு மாற்ற ஏறி விழுந்தும், மரம் அறுக்கும்போது அடிபட்டும் இறந்திருக்கிறார்கள். இடிபாடுகளுக்குள் கைவிடும்போது பாம்பு இருக்கும் என்று எண்ணியே கோலால் தட்டிப் பார்த்து எடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வெள்ளத்தில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், இரண்டு கட்டுப்பாடுகளோடு. அதை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ சன்னல் ஓரத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இரண்டாவது, வீட்டு இணைப்பில் கொடுப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, மின்வாரிய இணைப்பை முற்றிலும் துண்டித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பி வழியே பின்னோக்கி ஓடும். மின்மாற்றி வழியாக ஏறி, கம்பத்தின் மேல் நிற்கும் மின்ஊழியரைத் தாக்கும்.

அந்த ஊழியர்களைப் பற்றி ஒரு சொல். கஜாவுக்குப் பிறகு தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து மட்டுமின்றிக் கேரளத்திலிருந்தும் மின்ஊழியர்கள் வந்து, முட்டளவு சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது எங்கள் பகுதியிலிருந்து அரிசியும் துணியும் சென்றிருந்தன. எங்கள் தெருவில் கம்பம் நட்டவர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் அதை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். சொந்த வீட்டில் கூரை இல்லாத நாட்களில் அவர்கள் அதைச் செய்தார்கள்.

குடிநீருக்கு என்ன வழி?

எங்கள் ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி வந்து, ஊராட்சியின் மோட்டாரை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டி மேல்நிலைத் தொட்டியை நிரப்பினோம். எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்க அது போதுமானதாக இருந்தது. தனித்தனியாக வாடகைக்கு எடுக்க முயன்றிருந்தால் வசதியுள்ள பத்து வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வந்திருக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துத் தெளியவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கலங்கல் அதிகமானால் அளவு மாறும் என்பதால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்யுங்கள். அதன் பிறகும் காய்ச்சிக் குடிப்பதே நலம். கடல்நீர் புகுந்த கிணற்றின் உப்பைப் பிளீச்சிங் பவுடரோ காய்ச்சுவதோ போக்காது. அதைத் திரும்பத் திரும்ப இறைத்து, அடுத்த மழைகளுக்குக் காத்திருக்க வேண்டும்.

அண்டை வீட்டாருக்கு உதவுவதை எங்கிருந்து தொடங்குவது?

புயலுக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். ஒரு நோட்டில் தெருவின் எல்லா வீடுகளையும் எழுதுங்கள்: யார் தனியாக இருக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்கு நாள்தோறும் இன்சுலின் வேண்டும், எந்த வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், எந்தக் கூரை பலவீனமானது, யாரிடம் டிராக்டர், மர அறுவை இயந்திரம், நீளமான கயிறு இருக்கிறது. புயலுக்குப் பிந்தைய முதல் இரண்டு நாட்கள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது, ஏனெனில் சாலையே இல்லை. அந்த இரண்டு நாட்களில் யாருக்கு யார் என்பதை அந்த நோட்டுதான் தீர்மானிக்கிறது.

அடுத்தது, பொது அடுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, அவரவரிடம் எஞ்சிய அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து ஒரே இடத்தில் சமைத்தால், ஆண்களும் பெண்களும் மற்ற வேலைகளுக்குக் கிடைப்பார்கள். பொது அடுப்பில் இன்னொரு பயனும் உண்டு: சாப்பிட வராதவர் யார் என்பது அன்றே தெரிந்துவிடும்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊர்களில் அண்டை வீடு என்ற சொல் பல நேரம் நம் சாதித் தெருவோடு முடிந்துவிடுகிறது. நிவாரண வண்டி ஊர்த்தெருவில் நின்று காலியாகிவிட, வயலுக்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு மூன்றாம் நாள்வரை ஒரு தண்ணீர்ப் பொட்டலமும் போகாத நிலையை நான் பார்த்தேன். கீற்று வீடுகள் மிகுதியாக இருந்ததும், முழுமையாக அழிந்ததும் அங்கேதான். நோட்டில் வீடுகளை எழுதும்போது வயலுக்கு அப்பால் உள்ள அந்த வீடுகளிலிருந்து எழுதத் தொடங்குங்கள். வண்டி வந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள்.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். என்ன அனுப்பலாம்?

பழைய துணிகளை அனுப்பாதீர்கள். அவை சாலையோரம் மழையில் நனைந்து குவிந்து கிடந்தன, அவற்றை அள்ளி அகற்றுவதும் ஊர்க்காரர்களுக்கு வேலையாயிற்று. நிர்வாணமாக நின்றவர் யாருமில்லை, கூரையின்றி நின்றவர்கள்தான் ஊர் முழுக்க இருந்தார்கள். ஆகவே முதலில் வேண்டியது தடித்த தார்ப்பாயும் நல்ல கயிறும். பிறகு கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, டார்ச் விளக்கு, பேட்டரி, பால் பவுடர், மாதவிடாய் அணையாடை, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்குமான பாய், போர்வை. மர அறுவை இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த இருவரும் ஒரு லாரி பொருளுக்குச் சமம்.

வண்டியோடு நேரே புறப்பட்டு வராதீர்கள். முதன்மைச் சாலையை ஒட்டிய ஊர்களில் வண்டிகள் மறிக்கப்பட்டு, உள்ளடங்கிய ஊர்களுக்கு ஒன்றும் சேராமல் போவது சாலையோர ஊர்க்காரர்களின் குற்றமன்று, அவர்களும் பசியில்தான் நிற்கிறார்கள். வருவதற்கு முன் உள்ளூரில் ஒருவரோடு பேசி, எந்த ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரை வழியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பொருள் கொடுக்கும்போது கைநீட்டி நிற்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். நேற்றுவரை ஊருக்கே இளநீர் வெட்டிக் கொடுத்தவர் இன்று பிஸ்கட் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கிறார்.

பணமாகத் தர விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: பாதியை இப்போது தாருங்கள், மீதியை ஆறு மாதம் கழித்துத் தாருங்கள். முதல் பத்து நாட்களில் சோறு மிஞ்சியும் போனது. சித்திரை மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் இருந்தபோது கேட்பதற்கு ஆளில்லை.

அரசு நிவாரணத்துக்கு என்னென்ன ஆதாரம் வேண்டும்?

இடிந்த வீட்டையும் விழுந்த மரங்களையும் அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், இறந்த கால்நடைகளைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தெரிவியுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கேட்கப்படும். கணக்கெடுப்பு நடக்கும் நாளில் வீட்டில் ஒருவராவது இருங்கள், எழுதப்பட்ட எண்ணிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்ற எண்கள் உள்ளன. எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ கல்லூரிப் பெண்ணோ திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே விண்ணப்பம் எழுதித் தருவது, நான் கண்டவற்றுள் மிகப் பயனுள்ள அண்டை உதவி.

கஜாவின்போது விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நன்கு காய்க்கும் ஒரு நெட்டை மரம் ஆண்டுக்கு எண்பது முதல் நூறு காய் தரும் என்பதை வைத்து அந்தத் தொகையை நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தென்னைக்கெனத் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் கேட்டு, மழைக்காலத்துக்கு முன்பே சேர்ந்துகொள்ளுங்கள்.

குத்தகைக்குப் பயிரிடுபவர், கூலிக்குத் தேங்காய் உரிப்பவர் ஆகியோருக்கு?

பட்டாவில் பெயர் இல்லாத குத்தகைதாரருக்கு இழப்பு முழுவதும் வந்து சேர்கிறது, இழப்பீடு வருவதில்லை. நில உரிமையாளர் தாமாக முன்வந்து, தொகையைப் பயிரிட்டவரோடு பகிர்ந்துகொள்வதாக ஊரார் முன்னிலையில் எழுதிக் கொடுத்த சில நிகழ்வுகளை அறிவேன். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும். மரமேறிகள், காய் உரிப்பவர்கள், கயிறு திரிப்பவர்கள், கீற்று முடையும் பெண்கள் ஆகியோருக்கு விழுந்த மரம் ஒன்றுகூடச் சொந்தமில்லை என்பதால் எந்தக் கணக்கிலும் அவர்கள் வரவில்லை. தோப்பைத் துப்புரவு செய்யும் வேலையை வெளியிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து முடிக்காமல் அவர்களுக்குக் கொடுத்தால், சில மாதங்கள் அடுப்பெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்வது?

தனியே விடாதீர்கள். எங்கள் பகுதியில் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம், பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் தென்னம்பிள்ளை போடும் என்பார்கள். முப்பது ஆண்டுகள் வளர்த்த தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டதைக் கண்ட விவசாயிகளில் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அவர்களைச் சுற்றி வீடுகள் இருந்தன. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வதால் பயனில்லை. காலையில் போய் அவரை அழைத்துக்கொண்டு தோப்புக்குப் போங்கள், அவரோடு மட்டைகளை இழுத்துப் போடுங்கள், பேசினால் கேளுங்கள். பூச்சிமருந்துப் புட்டிகளை அவர் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி வையுங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் ஆற்றுப்படுத்துவோர் தமிழில் பேசுகிறார்கள். நீங்களே அழைத்து அவர் கையில் கொடுக்கலாம். குழுக்கடன் தவணை கேட்டு ஆட்கள் வரும் நாளில் அந்த வீட்டுப் பெண்ணோடு தெருப் பெண்கள் நான்கு பேர் போய் நின்றால், பேச்சின் தொனியே மாறுகிறது.

தோப்பை மீண்டும் உருவாக்க எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை எப்படி உதவுவது?

விழுந்த மரங்களை முதலில் வெளியேற்றுங்கள். அழுகும் அடிமரங்களில் காண்டாமிருக வண்டு பெருகும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தப்பிப் பிழைத்து நிற்கும் சில மரங்களையும் இவை கொன்றுவிடும். வேர் முழுவதும் அறாமல் சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பல பிழைக்கின்றன. புதிதாக நடும்போது இருபத்தைந்து அடிக்கு ஒரு குழி என்றால் ஏக்கருக்கு எழுபது கன்று வரும். குட்டை ரகம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பாளை விடும். நெட்டை ரகத்துக்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும், ஆனால் ஆயுள் நீளம். இடைக்காலத்தில் வாழை, நிலக்கடலை, உளுந்து ஆகியவற்றை ஊடுபயிராக வைக்கலாம்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடப்பதைத் தமிழ்நாடே அறியும். ஒருவருக்குத் தேவை வரும்போது ஊர் கூடிப் பணம் வைக்கும், வைத்தது நோட்டில் எழுதப்படும், அவர் நிமிர்ந்தபின் மற்றவர் விருந்தில் திருப்பி வைப்பார். கஜாவுக்கு அடுத்த ஆண்டுகளில் வைப்பதற்கு யாரிடமும் பணமில்லாததால் மொய்த் தொகைகள் விழுந்தன. எங்கள் தெருவில் அப்போது சிலர் அதே நோட்டில் பணத்துக்குப் பதிலாக உழைப்பை எழுதத் தொடங்கினார்கள்: இன்னார் தோப்பில் குழி வெட்ட இரண்டு நாள், இன்னார் வீட்டுக்குக் கீற்று வேய ஒரு நாள், இன்னாருக்கு இருபது கன்று. கொடுத்தவருக்கு வருத்தமில்லை, வாங்கியவருக்குத் தலைகுனிவில்லை. 2019 ஆடியில் அப்படி வெட்டிய குழிகளில் நட்ட நெட்டைக் கன்றுகள் 2025இல்தான் முதல் பாளை விட்டன. அந்த ஆறு ஆண்டுகளிலும் நோட்டில் வரவு எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. சில பக்கங்களில் கணக்கு இன்னும் நேராகவில்லை.